வரும்தானே

என்ரை மில்லிலை மிளகாய் அரைபடுற நேரம் ஆரும் என்னோடை கதை வைச்சுக்கொள்ள மாட்டினம். சத்தம் ஒரு பக்கம், நெடி இன்னொரு பக்கம். மூக்கையும் வாயையும் துவாயாலை கட்டிக்கொண்டு, கண்ணாலை தண்ணி ஓட ஓட நிப்பன். வாசலிலை கடகப்பெட்டியும் சாக்குமாச் சனம் நிக்கும். சனத்தைக் காக்க வைக்கிறது எனக்குப் பிடிக்காது. என்ரை மனுசன் செத்து எட்டுச் சடங்கு முடிஞ்ச மற்ற நாளே மில்லைத் திறந்தவள் நான்.

அப்பிடி வேலை நெருக்கிற நேரம் பாத்துத்தான் பக்கத்து வீட்டு அண்ணை வேலிப் பொட்டுக்குள்ளாலை தலையை நீட்டுவார். பொட்டு எண்டா வேறை ஒண்டுமில்லை, றோட்டாலை சுத்திப் போகாமல் ரண்டு வீட்டுச் சனமும் வந்து போறதுக்குக் கிடுகு வேலியிலை விடுற இடைவெளி. நான் சுவிச்சை நிப்பாட்டிப்போட்டு, "என்ன அண்ணை, கெதியாச் சொல்லுங்கோ" எண்டுவன். மனுசன் உடனை சொல்ல மாட்டார். என்ரை முகத்தை வடிவாப் பாப்பார். பாத்துப்போட்டு, ஆறுதலா, "தங்கச்சிக்கு எரிச்சல் வந்திட்டுது போலை. வரும்தானே" எண்டுவார்.

சொல்லிப்போட்டு அப்பிடியே நிப்பார். சத்தியமாச் சொல்லுறன், அதுவரைக்கும் எரிச்சல் இல்லாட்டிலும் அந்த வசனத்தோடை எனக்கு வந்திடும். வந்த விசயம் என்னவெண்டு பாத்தா, கொஞ்சம் அரிசிமா கிடைக்குமோ எண்டு கேக்க வந்திருப்பார். அதுக்கு என்ரை எரிச்சலை விசாரிச்சு என்ன காணப்போறார்?

பேர் சொல்ல மாட்டன். சொன்னாலும் ஊரிலை பாதிப் பேருக்கு விளங்காது. கூட்டுறவுச் சங்கக் கடையிலை மனேச்சரா இருந்து பென்சன் எடுத்தவர், அதாலை கடைசிவரைக்கும் அவர் மனேச்சர்தான். அந்தக் காலத்து மனேச்சரைத் தெரிஞ்ச ஆக்கள் நான் சொல்லுறதை நம்ப மாட்டினம். மண்ணெண்ணெய் வரிசை கொஞ்சம் குழம்பினாக் காணும், மேசையிலை ஒரு அடி அடிச்சு, "வரிசை இல்லாட்டி எண்ணெயும் இல்லை" எண்டு கதவைச் சாத்திப்போடுவார். நானே ஒருக்கா வெறும் போத்தலோடை திரும்பி வந்தனான். அந்த வாய் அறுபது வயசுக்குப் பிறகு "வரும்தானே" எண்டு கதைக்கப் பழகினது மகளுக்காக.

ஒரே ஒரு பெட்டை. தாய் புற்றுநோயிலை போகேக்கை அவள் பள்ளிக்கூடம் முடிக்கேல்லை. வடிவான பிள்ளை, சரியான கெட்டிக்காரி. ஆனா ஒரு வேலையிலை நிலைச்சு நிண்டதை நான் காணேல்லை. ஒரு சிநேகிதி கிடைச்சா ஒரு மாசம் அவள்தான் தெய்வம், அடுத்த மாசம் அவளின்ரை பேரைச் சொன்னாலே பீங்கான் பறக்கும். ஆரும் போன் எடுக்கக் கொஞ்சம் பிந்தினா, "என்னை வேண்டாமெண்டு விட்டிட்டினம்" எண்டு குழறுவாள். பிறகு அறையைப் பூட்டிக்கொண்டு தன்ரை கையிலையே காயம் பண்ணுவாள். என்ன வெய்யில் கொளுத்தினாலும் நீளக்கைச் சட்டைதான் போடுறது. வேலிக்கு இஞ்சாலை இருக்கிற எனக்கு இதிலை பாதி கேக்கும், மிச்சம் விளங்கும்.

ஊர்ச்சனம் சொன்ன வைத்தியம் கொஞ்சநஞ்சமில்லை. பேய் பிடிச்சிருக்கு, நூல் கட்டுங்கோ எண்டிச்சினம். செல்லம் குடுத்துப் பழுதாக்கிப்போட்டார் எண்டிச்சினம். ஒரு கலியாணத்தைச் செய்து வைச்சா எல்லாம் சரியாப்போகும் எண்டு ஒரு புரோக்கர் சாதகக்கட்டோடை வந்து நிண்டார். மனேச்சர் கேட்டுக்கொண்டே இருந்துபோட்டு, அந்த ஆளிட்டையும் "உங்களுக்கு எங்களை நினைக்கக் கவலையாக் கிடக்குப் போலை" எண்டு தொடங்கி, மகளுக்கு என்ன வருத்தம், பேர் என்ன, எந்தக் கிளினிக், என்ன குளிசை எண்டு முழுக்கச் சொல்லியிருக்கிறார். மாப்பிளை வீட்டுக்கும் அப்பிடியே சொல்ல வேணுமாம். புரோக்கர் என்ரை மில் வாசலாலை போகேக்கை தலையிலை அடிச்சுக்கொண்டு போனார். பொம்பிளைப் பிள்ளைக்குக் கண்ணாடி போட வேணுமெண்டாலே மறைக்கிற ஊரிலை இந்த மனுசன் இப்பிடி.

வருத்தத்துக்குப் பேர் எல்லைக்கோட்டு ஆளுமைக் குறைபாடு. கிளினிக்கிலை ஒரு டொக்டரம்மா கனநாள் கதைச்சுப் பாத்துத்தான் சொன்னவவாம். மனேச்சர் அதை மறைக்காமல் சொல்லப்போக, அது மில்லுக்கு வந்து சேரேக்கை வேறை கதையாப் போச்சு. உழுந்து அரைக்க வந்த ஒரு மனுசி என்னட்டைக் குசுகுசுத்தா: "மனேச்சருக்கு எல்லைப் பிரச்சினையாம். உன்ரை பக்கத்து வேலியோ, மேற்கு வேலியோ? வழக்குப் போட்டாச்சோ?" எங்கடை ஊரிலை எல்லை எண்டா வேலி, வேலி எண்டா வழக்கு. நான் விளங்கப்படுத்தி முடிய உழுந்து ஆறிப்போச்சு.

உண்மையிலை எனக்கும் விளங்கேல்லை. ஒருநாள் வாய்விட்டே கேட்டன், "அண்ணை, அது வருத்தமோ, வாய்க்கொழுப்போ?" எண்டு. மனுசன் யோசிச்சார். "மிளகாய் அரைச்ச கையாலை கண்ணைத் தொட்டிருக்கிறியளோ, தங்கச்சி?" எண்டு கேட்டார். எத்தினை தரம் எண்டன். "அந்த நேரம் ஆராவது வந்து 'ஏன் இந்தச் சின்ன விசயத்துக்குக் கத்துறாய்' எண்டு கேட்டா எப்பிடி இருக்கும்? அவளுக்கு எந்த நாளும் கண்ணிலை மிளகாய்தான். எரியேக்கை எரியுது எண்டு ஒத்துக்கொள்ள வேணும். புத்தி சொல்லுறது பிறகு." அதுதான் அந்த வசனத்தின்ரை தொடக்கம். வாறது கோபமோ பயமோ, முதல் அதைப் பேர் சொல்லி ஒத்துக்கொள்ள வேணும் எண்டு டொக்டரம்மா சொல்லிக் குடுத்திருக்கிறா.

சரி, மகளிட்டைச் சொல்லட்டும். வேண்டாமெண்டு ஆர் சொன்னது? ஆனா மனுசன் பழக வேணும் எண்டு சொல்லி ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சார். நாங்கள் ஒரே பஸ்ஸிலை போன ஒருநாள் கொண்டக்டர் பெடியன், "பின்னுக்குப் போங்கோ, பின்னுக்குப் போங்கோ, எத்தினை தரம் சொல்லுறது" எண்டு எரிஞ்சு விழுந்தான். மனேச்சர் திரும்பி, "தம்பிக்குக் களைச்சுப் போச்சுப் போலை. வரும்தானே" எண்டார். பெடியன் ஏதோ பேச வாய் திறந்தவன் அப்பிடியே நிண்டான். பிறகு சந்திவரைக்கும் தன்ரை முதலாளியைப் பற்றி மனேச்சரின்ரை காதுக்குள்ளை சொல்லிக்கொண்டே வந்தான். ரிக்கற் கிழிக்கேல்லை. இறங்கேக்கை சனம் எல்லாம் ரிக்கற்றுக்குச் சண்டை. கோவிலிலை சாமி வெளிக்கிடப் பிந்திக் கத்தின ஐயரிட்டையும் இதே வசனத்தைச் சொல்லியிருக்கிறார். ஐயர் எனக்குச் சொல்லிக் குறைப்பட்டவர், தன்னை ஒரு வருத்தக்காரனைப் போலை விசாரிக்கிறார் எண்டு.

பெட்டை என்ரை மில்லிலையும் கொஞ்ச நாள் நிண்டவள். அவர் கேக்கேல்லை, அவளே வந்து, "அன்ரி, நான் உங்களுக்கு உதவி செய்யிறன், நீங்கள்தான் எனக்கு அம்மா மாதிரி" எண்டாள். எது ஆரின்ரை கடகம் எண்டு சண்டை வராமல் துண்டு ஒட்டி வைச்சாள், மாவுக்கு ஒரு வரிசை, தூளுக்கு ஒரு வரிசை எண்டு பிரிச்சாள். தேப்பன்ரை மூளை. நானும் கொஞ்சம் குளிர்ந்துதான் போனன். ஒருநாள் நீர்வேலியிலை என்ரை தங்கச்சியின்ரை மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. காலமை அவள் வர முன்னமே பஸ் எடுத்துப் போயிட்டன். பின்னேரம் திரும்பி வந்து படலையைத் திறக்கிறன், ஒரு கலியாண வீட்டுக்கு அரைச்சு வைச்ச தூள் முழுக்க முத்தத்திலை.

"எனக்குச் சொல்லாமல் போட்டியள். நீங்களும் எல்லாரையும் போலைதான்" எண்டு தொடங்கி அவள் சொன்ன சொல்லுகளை நான் இஞ்சை சொல்ல மாட்டன். றோட்டாலை போறவன் வாறவன் எல்லாம் தும்மிக்கொண்டு போறான். நான் வேலியைப் பாத்துக் கத்தினன், "அண்ணை, வந்து உங்கடை பெட்டையைக் கூட்டிக்கொண்டு போங்கோ" எண்டு. மனுசன் பொட்டுக்குள்ளாலை வந்தார். மகளைப் பாத்து, "பயந்திட்டாய் போலை" எண்டார். என்னைப் பாத்து, "தங்கச்சிக்குக் கோபம் போலை. ரண்டும் வரும்தானே" எண்டார்.

"எனக்கு வந்தது கோபமில்லை அண்ணை, கொலைவெறி" எண்டன்.

அவர் தூளை அள்ளித் தருவார், மன்னிப்புக் கேப்பார் எண்டு பாத்தா, அதுவும் இல்லை. "அவள் கொட்டினது. ஆறின பிறகு அவள் வந்து கூட்டுவாள்" எண்டுபோட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போட்டார். எனக்கு வந்த விசருக்கு அளவில்லை. ஆனா அடுத்த நாள் காலமை பெட்டை தும்புத்தடியோடை வந்தாள். குனிஞ்சு கூட்டினாள், தும்மித் தும்மி, கண்ணாலை மூக்காலை ஊத்த ஊத்தக் கூட்டினாள். தேப்பன் முருங்கைக்குக் கீழை கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நிண்டார். தும்புத்தடியைத் தன்ரை கையிலை வேண்டேல்லை, வா போவம் எண்டும் சொல்லேல்லை. கடைசியிலை எனக்குத்தான் பொறுக்கேலாமல் போச்சு. நான் போய் மற்ற முனையிலை இருந்து கூட்டினன்.

மனுசனுக்குக் கோபமே வராது எண்டு நினைச்சிருந்தன். அதுவும் இல்லை. ஒருநாள் மத்தியானம் அவற்றை கிணத்தடியிலை தடால் எண்டு சத்தம். எட்டிப் பாக்கிறன், வாளியைக் கிணத்துக்கட்டிலை போட்டு அடிக்கிறார். "நானும் மனுசன்தானே, நானும் மனுசன்தானே" எண்டு அடிக்குமேலை அடி. முதல் நாள்தான் பெட்டையை ஆசுப்பத்திரியிலை இருந்து கையிலை கட்டோடை கூட்டி வந்தவர். வந்தவள், "நான் செத்தாத்தான் உங்களுக்கு நிம்மதி" எண்டு காலமை முழுக்கச் சொல்லிக்கொண்டு இருந்தவள். அவளுக்கு முன்னாலை ஆறுதலா இருந்துபோட்டு, அவள் நித்திரையான பிறகு கிணத்தடிக்கு வந்திருக்கிறார்.

எனக்குக் கிடைச்ச சந்தர்ப்பத்தை விடுவனோ? "அண்ணைக்குக் கோபம் வந்திட்டுது போலை. வரும்தானே. அதுக்கு ஏன் வாளியைப் போட்டு உடைக்கிறியள், வாளி என்ன செய்தது, பிறகு தண்ணிக்கு என்ன செய்யப் போறியள்" எண்டன்.

மனுசன் என்னைப் பாத்தார். பிறகு சிரிச்சார், கண் கலங்கிக்கொண்டு. "முதல் ரண்டு வசனமும் சரி, தங்கச்சி. அதோடை வாயை மூடிக்கொண்டு நிக்க வேணும். அதுதான் பெரிய பாடு. எனக்கே கன காலம் எடுத்தது." கிணத்துக்கட்டிலை இருந்தார். "எனக்கு நெஞ்சு சரியில்லை. ஆசுப்பத்திரியிலை மறிச்சுப் பாக்க வேணுமெண்டு சொல்லுகினம். சாவுக்குப் பயமில்லை. நான் போனா அவளோடை ஆர் நிக்கிறது? அவள் கத்தேக்கை ஏச ஊரிலை ஆக்கள் இருக்கினம். பயந்து ஓட ஆக்கள் இருக்கினம். நிக்கத்தான் ஒருத்தரும் இல்லை."

"என்னைப் பாக்காதேங்கோ அண்ணை" எண்டன் பட்டெண்டு. "எனக்கு மில் இருக்கு. எனக்குப் பொறுமையும் இல்லை."

"தங்கச்சிக்குப் பயம் வந்திட்டுது போலை" எண்டார். நான் திரும்பி வந்திட்டன்.

அதுக்குப் பிறகு நடந்ததுதான் ஊர் முழுக்கத் தெரிஞ்ச கூத்து. ஒருநாள் காலமை மில்லைத் திறந்துகொண்டு நிக்கிறன், கனடாவிலை இருக்கிற என்ரை தம்பி போன் எடுக்கிறான். "அக்கா, பக்கத்து வீட்டு மனேச்சர் செத்திட்டாராம், நீ ஒரு சொல்லுச் சொல்லேல்லை. படத்தோடை மரண அறிவித்தல் போட்டிருக்கு. இஞ்சை எல்லாருக்கும் வந்திட்டுது." எங்கடை ஊரிலை செத்தவீடு பக்கத்து வீட்டுக்குத் தெரிய முன்னம் கனடாவுக்குத் தெரியும், அது புதினமில்லை. எண்டாலும் ஓடிப்போய் வேலியாலை எட்டிப் பாத்தன். காலமானவர் கொக்கத்தடியோடை நிண்டு முருங்கைக்காய் ஆய்ஞ்சுகொண்டு நிக்கிறார்.

"அண்ணை, நீங்கள் செத்திட்டியளாம்."

கொக்கத்தடியை இறக்கினார். "ஆர் சொன்னது?"

"கனடா."

போனைக் காட்டினன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்க வாசிச்சார். அன்பு மகள், இறுதிக் கிரியைகள் பின்னர் அறிவிக்கப்படும், எல்லாம் முறையாக் கிடந்தது. மகளின்ரை நம்பர்தான் போட்டிருந்தது. அவளே சொன்னா ஆர் சந்தேகப்படுவினம்? "நாளைக்கு என்னை ஆசுப்பத்திரி வாட்டிலை மறிக்கப் போகினம், மூண்டு நாள் நிக்க வேணும். அதை நேற்று ராத்திரி அவளுக்குச் சொன்னனான்" எண்டார். "என்னை விட்டிட்டுப் போனா நீங்கள் எனக்குச் செத்த ஆள்தான் எண்டவள். சொன்னதைச் செய்துபோட்டாள்."

ஒரு மணித்தியாலத்துக்குள்ளை சனம் வரத் தொடங்கிட்டுது. லான்ட்மாஸ்டர் உழவு மெசினிலை பந்தல் தடி வந்து இறங்குது. சைக்கிளிலை ஒருத்தர் வாழைக்குலையோடை வாறார். படலையிலை இருந்தே தலையிலை அடிச்சுக் குழறிக்கொண்டு வந்த ஒரு மனுசி, மனேச்சர் தேத்தண்ணித் தட்டோடை நிக்கிறதைக் கண்டு அப்பிடியே மண்ணிலை இருந்திட்டா. வந்தவை ஒவ்வொருத்தருக்கும் தேத்தண்ணி குடுத்து, "துக்கத்தோடை வந்திருக்கிறியள், இப்ப கோபம் வருது போலை. வரும்தானே" எண்டு சொல்லிக்கொண்டு நிண்டார் மனுசன். தன்ரை செத்தவீட்டிலை நிண்டும் அந்த வசனத்தை விடேல்லை. பெட்டை அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளுக்கை.

சனம் பேசிப் பேசிக் கலைஞ்ச பிறகு, இனி மனுசன் ஆசுப்பத்திரிக்குப் போகாது எண்டு நினைச்சன். அடுத்த நாள் காலமை பாத்தா பையோடை பொட்டுக்குள்ளாலை வாறார்.

"இந்த நிலையிலை அவளை விட்டிட்டுப் போறியளோ?" எண்டு கத்தினன்.

"போகாட்டி, இப்பிடிச் செய்தா அப்பா நிப்பார் எண்டு படிப்பாள். போய்த் திரும்பி வந்தாத்தான், அப்பா போனாலும் வருவார் எண்டு படிப்பாள்" எண்டார். "கிளினிக்குக்குச் சொல்லியிருக்கிறன், அங்கையிருந்து ஒரு நேர்ஸ் பிள்ளை வந்து பாக்கும். நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம். அவள் கூப்பிட்டா, 'கேக்குது பிள்ளை' எண்டு மட்டும் சொல்லுங்கோ."

அந்த மூண்டு நாளும் நான் மில்லுக்கும் வேலிக்கும் நடந்த நடை எனக்குத்தான் தெரியும். "அன்ரி, இருக்கிறியளோ?" எண்டுவாள். "கேக்குது பிள்ளை" எண்டுவன். திரும்பி வர, அடுத்த கடகம் மில்லுக்கை விழ முன்னம், "அன்ரி." கோதாரி விழுந்த பொட்டை அடைச்சுப்போடுவமோ எண்டு கூட யோசிச்சன். சொன்ன நாளிலை மனுசன் வந்து இறங்கினார். வந்து முதல் செய்த வேலை, மகளுக்குப் பக்கத்திலை கதிரையைப் போட்டு இருந்து, "நீ போட்டது, நீ எடுக்க வேணும்" எண்டதுதான். பெட்டை ஒவ்வொரு சொந்தமாப் போன் எடுத்து, "அப்பா உயிரோடை இருக்கிறார், நான்தான் பொய் போட்டனான்" எண்டு அழுதழுது சொன்னாள். சில பேர் திட்டிச்சினம், சில பேர் பாதியிலை வைச்சிட்டினம். அவர் போனைப் பறிச்சு ஒருத்தருக்கும் நியாயம் சொல்லேல்லை. கடைசிப் போன் முடியும்வரைக்கும் அவளோடை இருந்தார்.

பிறகு கொஞ்சம் நல்ல காலம்தான். கிளினிக்குக்கு ஒழுங்காப் போனாள். கத்துறது நிக்கேல்லை, ஆனா இடைவெளி கூடிச்சுது. நாங்களும் பழகிட்டம்.

அடுத்த மாரியிலை ஒரு காலமை பெட்டை பொட்டுக்குள்ளாலை வந்தாள். கத்தேல்லை, குழறேல்லை. தேப்பன்ரை சேட்டு ஒண்டைப் போட்டிருந்தாள். "அன்ரி, அப்பா எழும்புறார் இல்லை" எண்டாள். "எல்லாருக்கும் போன் எடுத்தனான். ஒருத்தரும் நம்புகினமில்லை."

கனடாவிலை இருக்கிற மாமி, "இந்தமுறை ஆரைப் பேக்காட்டப் பாக்கிறாய்" எண்டு வைச்சிட்டாவாம். மரண அறிவித்தல் போடுற ஆக்கள் வேறை ஆரும் பெரிய ஆள் வந்து சொல்லட்டாம். பந்தல்காரன் சிரிச்சானாம். நான் போய்ப் பாத்தன். கதிரையிலை இருந்தபடி, கண்ணாடி மூக்கிலை. நித்திரையிலை இருக்கிற மாதிரித்தான் இருந்தார், ஆனா கை சில்லிட்டுப்போச்சு. எனக்கு அழுகை வந்தது, அதோடை ஆத்திரமும் வந்தது. அழக்கூட நேரம் தராமல் போன மனுசன். பின்னேரம் வரைக்கும் ஊர் ஊராப் போன் எடுத்து, "ஓம், மெய்தான், மில்காரி சொல்லுறன், நானே தொட்டுப் பாத்தனான்" எண்டு சொல்லிச் சொல்லி என்ரை தொண்டை கட்டிப்போச்சு. அப்பிடியிருந்தும் சில பேர் அடுத்த நாள்தான் வந்தினம், படலையிலை நிண்டு முதல் எட்டிப் பாத்துப்போட்டு.

கனடா மாமி, அவற்றை அக்கா, வந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிவரைக்கும் நிண்டா. முடிஞ்ச அடுத்த நாள் வான் வந்து நிக்குது, சூட்கேஸ் ஏறுது. படலையடியிலை நிண்டு என்னட்டைச் சொன்னா, "உவளை ஆர் வைச்சுப் பாக்கிறது? எங்கையாவது ஒரு விடுதியிலை சேத்துப்போட்டு வீட்டைப் பூட்டுறதுதான் நல்லம். அடுத்தமுறை வரேக்கை பாப்பம்." மெல்லச் சொல்லுற பழக்கம் அவவுக்கு இல்லை. பெட்டை குசினி யன்னலிலை நிண்டதை நான் கண்டனான்.

வான் போய் நான் மில்லுக்கு வந்து சுவிச்சைப் போட்டன். வாசலிலை நல்ல சனம், கடகம் ஒண்டு விழுந்து அரைபடுது. அந்தச் சத்தத்துக்கு மேலாலை பீங்கான் உடையுற சத்தம் கேட்டுது. எனக்கென்ன எண்டு நிண்டன். இன்னொண்டு. பிறகு ஏதோ பெரிய சாமான், கேத்தில் போலை. "கோதாரி" எண்டு சொல்லி, சுவிச்சை நிப்பாட்டிப்போட்டு, மூக்குத் துவாயோடையே பொட்டுக்குள்ளாலை போனன்.

குசினி முழுக்கப் பீங்கான். அவள் மூலையிலை நிலத்திலை இருந்தாள், அதே சேட்டோடை. "போங்கோ" எண்டு கத்தினாள். "நீங்களும் போங்கோ அன்ரி. போகத்தானே எல்லாரும் வாறியள். போங்கோ."

என்ரை வாய் முழுக்கப் பேச்சு நிறைஞ்சு நிண்டுது. துவாயை இறக்கினன். வந்தது வேறை.

"பிள்ளைக்குப் பயம் வந்திட்டுது போலை" எண்டன். "வரும்தானே."

அவள் திகைச்சுப்போய் என்னைப் பாத்தாள். "அன்ரி, அந்த வசனத்தை மட்டும் சொல்லாதேங்கோ. அப்பா அதைச் சொன்னாலே எனக்கு விசர் வாறது."

"எனக்கும்தான்" எண்டன். "எத்தினை வருசம் கேட்டனான். தூள் பறக்கிற நேரம் பாத்து வந்து சொல்லுவார் மனுசன்."

அவளுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு அழுகையாப்போச்சு. நான் விட்டன். பிறகு கேட்டன், "அப்ப எப்பிடிப் பிள்ளை ஆறுறனீ?"

"அவர் சொல்லுறதாலை இல்லை" எண்டாள். "சொல்லிப்போட்டுப் போகாமல் நிப்பார்."

எனக்குச் சொல்ல எத்தினையோ கிடந்தது. கிளினிக்குக்கு நாளைக்கு நானும் வாறன் எண்டு சொல்லலாம், சாப்பிட்டியோ எண்டு கேக்கலாம், மாமியை நல்லா ஏசலாம். உடைஞ்ச பீங்கானை ஆர் கூட்டுறது எண்டதும் எனக்குத் தெரியும், அதுக்கு அவள் ஆற வேணும். வாயை மூடிக்கொண்டு, மனேச்சரின்ரை கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்திலை போட்டு இருந்தன். சொல்லுறன், மில்லிலை சாக்குத் தூக்குறதைவிடக் கஷ்டமான வேலை அது.

கொஞ்சத்தாலை மில் வாசலிலை இருந்து கூப்பிடத் தொடங்கிட்டினம். "மில் அக்கா, எங்கை போட்டியள், மில் அக்கா." ஆரோ மோட்டச்சைக்கிள் ஹோணை அடிச்சாங்கள். அவள் முகத்தைத் துடைச்சுக்கொண்டு என்னைப் பாத்தாள்.

"அன்ரி, சனம் கூப்பிடுது. அவைக்கு எரிச்சல் வரப்போகுது."

"வரும்தானே" எண்டுபோட்டு நான் எழும்பாமல் இருந்தன்.